யார், யாரோடு கதைக்கிறார்? சிறுகதையில் உரையாடல் எழுதுவது பற்றி

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிறுகதை எழுதுகிறார். பாத்திரங்கள் எல்லோரும் செய்தி வாசிப்பதுபோலப் பேசுகிறார்கள் என்று முதல் வரைவைப் படித்தவர்கள் சொன்னார்களாம். உடனே உரையாடல் முழுவதையும் மட்டக்களப்புப் பேச்சுக்கு மாற்றியிருக்கிறார். இப்போது வெளியூர் நண்பர் பாதி விளங்கவில்லை என்கிறார். ஊர்க்காரர்களோ இன்னும் ஏதோ ஒட்டவில்லை என்கிறார்கள். கதையில் வருவது ஒரு தாய், அவளுடைய மகன், சம்மாந்துறையிலிருந்து நெல் வாங்க வரும் ஒரு முஸ்லிம் வியாபாரி. உரையாடலை எப்படி இயல்பாக்குவது, பேச்சுவழக்கு எவ்வளவு வேண்டும், தனக்குப் பழக்கமில்லாத சமூகத்தவரின் பேச்சைத் தான் எழுதலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஊர்க்காரர்கள் சொன்னதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். சொற்களை மாற்றிய பிறகும் ஒட்டவில்லை என்றால், குறை சொற்களில் இருக்கவில்லை. யார் யாரோடு பேசுகிறார், அவருக்கு இந்த நேரத்தில் என்ன வேண்டும், அதை ஏன் நேராகக் கேட்க முடியாமல் நிற்கிறார் என்ற மூன்றும் எழுதுபவருக்குத் தெளியாதவரை, எந்த வழக்கில் எழுதினாலும் பேச்சு ஒட்டாது.

ஒன்றை எழுதியே பார்ப்போம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வீடு. தம்பிக்காரன் கட்டாருக்குப் போக முகவருக்குக் காசு கட்ட வேண்டும். அக்காவிடம் இருக்கும் வீட்டு உறுதிப் பத்திரத்தை வாங்கி ஈடு வைக்கலாம் என்று நினைத்து வருகிறான். பலருடைய முதல் வரைவு இப்படி இருக்கும்:

"அக்கா, அப்பா இறந்து ஐந்து வருடமாகிறது. அவர் உனக்குச் சீதனமாகத் தந்த இந்த வீட்டின் உறுதியை எனக்குத் தா. அதை ஈடு வைத்துவிட்டு நான் கட்டாருக்குப் போகப் போகிறேன்."

"தம்பி, உனக்கு ஏற்கெனவே நிறையக் கடன் இருக்கிறது. உன்னை நம்பி நான் உறுதியைத் தர மாட்டேன்."

அப்பா இறந்தது அக்காவுக்குத் தெரியும். வீடு சீதனம் என்பதும் தெரியும். தனக்குக் கடன் இருப்பது தம்பிக்குத் தெரியும். ஆனாலும் இருவரும் ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் பேசுவது வாசகரோடு. இதில் 'போகப் போகிறேன்' என்பதைப் 'போகப்போறன்' என்று மாற்றினால் ஒன்றும் நடக்காது. களுவாஞ்சிக்குடித் தம்பியின் கதையில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது இதை வேறுவிதமாகப் பார்க்கலாம்:

"அத்தான் இல்லயா?"

"வட்டைக்குப் போயிட்டார். உன்னிச்சையில தண்ணி திறந்திரிக்காங்க. இரு, தேத்தண்ணி ஊத்துறன்."

"வேணாம் அக்கா. இப்பதான் குடிச்சன்."

"எங்க குடிச்ச?"

"சந்தியில."

"சந்திக்கடைக் கொப்பியில உண்ட பேரு ரெண்டாம் பக்கத்துக்குப் போயிட்டாம்."

"குடுப்பன்." அவன் முகட்டைப் பார்த்தான். "ஓடு ரெண்டு வெடிச்சிரிக்கு. மாரிக்கு ஒழுகுமே. நான் அங்கால போனா முதல் காசில இதத்தான் செய்யணும்."

"ஒழுகினா சட்டி வெச்சி ஏந்துவம் தம்பி. வீடு எங்கட கையில இரிக்கிதே."

அவன் செருப்பைத் தேடினான்.

"இருந்து திண்டுட்டுப் போ. உனக்கெண்டுதான் மீன் ஆக்கினன்."

உறுதி, ஈடு, கட்டார் ஆகிய மூன்று சொற்களும் இதில் எங்கும் வரவில்லை. ஆனாலும் அவன் கேட்டுவிட்டான், அவள் மறுத்தும்விட்டாள். கடைசி வரியில் இன்னொன்றும் தெரிகிறது: அவன் வருவான், கேட்பான் என்பது அவளுக்குக் காலையிலேயே தெரியும். மீனை ஆக்கி வைத்துக்கொண்டுதான் மறுப்பதற்குக் காத்திருந்திருக்கிறாள். அன்பும் மறுப்பும் ஒரே ஆளிடமிருந்து ஒரே நேரத்தில் வருகின்றன.

முகவர், காசு, கெடு போன்ற விபரங்கள் வாசகருக்கு வேண்டுமே என்றால், வேண்டும்தான். அதைச் சொல்ல எடுத்துரைப்பு இருக்கிறது. 'முகவர் கேட்ட காசைக் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்' என்று அவன் படலையைத் திறக்கும் முன்பே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பாத்திரத்தின் வாயில் அந்தச் சுமையை ஏற்ற வேண்டாம்.

இந்தக் காட்சியை எழுத ஊரின் வழமையும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். கலியாணம் முடித்தவன் மனைவியின் வீட்டுக்கு வந்து இருப்பான். ஆகவே அந்த உறுதியைத் தம்பி உரிமையோடு கேட்க முடியாது, அத்தானும் அதில் ஒற்றை ஆளாக முடிவெடுக்க முடியாது. "அத்தான் இல்லயா?" என்று அவன் முதலில் கேட்பதற்கு இதுதான் காரணம். அத்தான் இல்லாத நேரத்தில் அக்காவின் மனதைக் கரைக்கலாம் என்று பார்க்கிறான். இந்த வழமையைக் கதையில் எங்கும் விளக்கத் தேவையில்லை. எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால், எதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதும் தானாகவே தெரியும்.

மறுப்பு என்ற ஒன்றையே கவனித்துப் பாருங்கள். முகத்துக்கு நேரே 'மாட்டன்' என்று சொல்வது எங்களிடையே குறைவு. "பாப்பம்" என்பார்கள். "அவரிட்ட ஒரு சொல்லுக் கேக்கணும்" என்பார்கள். பேச்சை மாற்றிப் பிள்ளையின் சோதனை பற்றி விசாரிப்பார்கள். கேட்டவரும் பதிலை விளங்கிக்கொண்டு, விளங்காதவர்போல இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்புவார். அந்தக் கொஞ்ச நேரம்தான் கதைக்குப் பொன்னான இடம். பலர் அதை விட்டுவிட்டு நேரே சண்டைக்குப் போகிறார்கள்.

எங்கள் மண்ணில் எழுத வருபவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வடமோடியோ தென்மோடியோ, கட்டியகாரன் அறிவிக்க அரசன் வட்டக்களரிக்கு வருவான்; தான் யார், தன் பெருமை என்ன என்று வரவிலேயே பாடி ஆடுவான். விடியவிடிய நடக்கும் ஆட்டத்தில், களரியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சனம் இருக்கும்போது, வருபவர் தன்னைச் சொல்லத்தான் வேண்டும். அது அந்தக் கலையின் அழகு. கதை நன்றாகத் தெரிந்த சனம், பாடுகிற விதத்தையும் ஆடுகிற விதத்தையும் ரசிக்க வந்திருக்கிறது. சிறுகதை வாசகரோ தனியே இருந்து வாசிக்கிறார், கதை அவருக்குத் தெரியாது, ஆளை அவரே கண்டுபிடிக்க விரும்புகிறார். கூத்தின் வரவைச் சிறுகதைக்குள் கொண்டுவந்தால், "நான் ஒரு ஏழை விவசாயி, எனக்கு மூன்று பிள்ளைகள்" என்று பாத்திரம் தன்னை அறிமுகம் செய்யத் தொடங்கிவிடும். ஆனால் கூத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: ஒருவர் பாடிவிட்ட அடிக்கு மற்றவர் எதிர்த்துப் பாடும் தருக்கம். ஒவ்வொரு அடியும் முந்திய அடியைப் பிடித்துக்கொண்டு வரும். நல்ல உரையாடலிலும் அந்தப் பிடிப்பு இருக்க வேண்டும். மேலே "இப்பதான் குடிச்சன்" என்றதை "எங்க குடிச்ச?" பிடிக்கிறது. "சந்தியில" என்றதைக் கடைக் கடன் கொப்பி பிடிக்கிறது.

அடுத்தது, நடந்து முடிந்த பெரிய காரியங்களைப் பாத்திரங்கள் எப்படிப் பேசுவது என்பது. மட்டக்களப்பு, அம்பாறைக் கதைகளில் இது திரும்பத் திரும்ப வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பாண்டிருப்பிலோ மருதமுனையிலோ கல்முனையிலோ கடற்கரைக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதினால், அந்த நாள் கதைக்குள் எப்படியாவது வந்துவிடும். ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் யாரும் திகதி சொல்லிப் பேசுவதில்லை. "கடல் வரக்குள்ள இவளுக்கு நாலு வயசு" என்பார்கள். "அது கடலுக்கு முதல் கட்டின கிணறு" என்பார்கள். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியும் அப்படித்தான். வயதானவர்களுக்கு அது ஒரு காலக்கணக்கு; பிள்ளை பிறந்தது, வீடு விழுந்தது, தென்னை வைத்தது எல்லாம் சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின். போர்க்காலத்தை 'பிரச்சினை நேரம்' என்ற இரண்டு சொல்லில் கடந்துவிடுவார்கள்.

இப்படிக் குறுக்கிச் சொல்வதில்தான் வலி இருக்கிறது. சொன்னவரும் கேட்டவரும் ஒரே நாளை நினைக்கிறார்கள், அதனால் மேலே சொல்லத் தேவையில்லை. "2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்து நமது தந்தையைக் கொண்டுசென்ற அந்த நாளில்" என்று ஒரு மகள் தன் தாயிடம் சொல்வதாக எழுதினால், அந்த இரண்டு பேரையும் அந்நியர்களாக்கி விடுகிறோம். வெளியூர் வாசகர் எப்படி அறிவார் என்று அஞ்ச வேண்டாம். 'கடல் வரக்குள்ள' என்ற சொற்றொடர் இரண்டாம் முறை வரும்போது எந்த ஊர் வாசகருக்கும் விளங்கும். விளங்கிய கணத்தில் அவர் அந்த வீட்டுக்குள் வந்துவிடுவார்.

சரி, பேச்சுவழக்கு எவ்வளவு வேண்டும்?

பேச்சுமொழியைக் கதையில் எழுதலாமா என்ற கேள்விக்கு ஈழத்தில் பதில் கிடைத்து நெடுங்காலமாகிறது. 1960களின் தொடக்கத்தில் மரபுப் போராட்டம் என்று பெரிய விவாதமே நடந்தது. பேச்சுத் தமிழில் எழுதுவதை இழிசனர் வழக்கு என்று ஒரு பக்கம் தாக்க, மக்களின் கதையை அவர்களின் மொழியில்தான் எழுத முடியும் என்று மறுபக்கம் உறுதியாக நின்றது. அந்த உறுதியின் பலனைத்தான் இன்று எழுதுபவர்கள் அனுபவிக்கிறோம். ஆகவே எழுதலாமா என்று தயங்க வேண்டாம். அளவைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும்.

அளவில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: காதில் விழும் ஒவ்வோர் ஒலியையும் எழுத்தில் பிடிக்கப் போகக் கூடாது. பேச்சுத் தமிழ் வகைகளுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருக்கிறார். அது எங்களுக்கு ஒரு வசதி. சில அடையாளங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஊர் கேட்டுவிடும். வினைமுடிவுகள்: வாறன், போறன், இரிக்கு. வாக்கியத்தைத் தொடுக்கும் சொற்கள்: ஓம், மறுகா, எண்டு. நெருங்கியவர்களுக்கிடையே வரும் 'கா', பிள்ளையைக் கூப்பிடும் 'மனே'. பிறகு இடத்தின் பெயர்ச்சொற்கள்: வட்டை, வளவு, தேத்தண்ணி. இவற்றைத் தெரிந்தெடுத்து, கதை முடியும்வரை ஒரே மாதிரி எழுத வேண்டும். முதல் பக்கத்தில் 'இரிக்கு' என்ற தாய் மூன்றாம் பக்கத்தில் 'இருக்கிறது' என்று சொன்னால், வாசகர் வேறு யாரோ வந்துவிட்டார் என்று நினைப்பார்.

யாழ்ப்பாணத்துப் பேச்சைத் தெரியாமலே கலப்பது பரவலான பிழை. ஈழத்துக் கதைகள் என்று வாசித்தவற்றில் யாழ்ப்பாணத்துப் பேச்சு நிறைய வந்திருப்பதால், இலங்கைத் தமிழ் என்றாலே 'வாங்கோ', 'உவன்', 'வரேக்க' என்று கை எழுதிவிடும். எங்கள் தாய் 'வாங்க' என்பாள், 'வரக்குள்ள' என்பாள். சின்னத்திரைத் தொடர்களின் சென்னைப் பேச்சும் இப்படி நுழையும். தம்பியின் ஊர்க்காரர்கள் ஒட்டவில்லை என்றதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், ஒருமுறை இதற்காகவே வாசித்துப் பாருங்கள்.

வெளியூர் வாசகருக்கு அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதுவதை நான் விரும்புவதில்லை. பேச்சின் நடுவே ஆசிரியர் எழுந்து நின்று பாடம் எடுப்பதாகிவிடும். சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு செயலை வையுங்கள். "வட்டையில தண்ணி வடிஞ்சிட்டா?" "வரம்பு தெரியிது, இன்னும் நெல்லுத் தலை தெரியல்ல." வட்டை என்றால் வயல்வெளி என்பது யாருக்கும் விளங்கிவிட்டது.

தமிழில் எழுதுபவருக்கு உறவுமுறையும் மரியாதை விகுதியும் கைக்குள் இருக்கும் பெரிய செல்வம். 'போ' என்றாலும் 'போங்க' என்றாலும் பேசுபவர்களின் வயதும் நெருக்கமும் ஒரே சொல்லில் வந்துவிடும். 'மனே' என்று கூப்பிட்டால் யார் பேசுகிறார் என்று தெரிந்துவிடுகிறது. அடுத்து 'என்றாள் தாய்' தேவையில்லை. இரண்டு பேர் மட்டுமே இருக்கும் காட்சியில் பத்து வரிக்கு ஒருமுறை 'என்றான்' வந்தாலே போதும். 'வினவினாள்', 'இயம்பினார்', 'கர்ஜித்தான்' எல்லாம் வேண்டவே வேண்டாம். வரி கோபமாக இருந்தால் கோபம் அதிலேயே கேட்கும்.

இந்த விகுதிகள் நடுவில் மாறும் இடத்தை விட்டுவிடாதீர்கள். பிறந்ததிலிருந்து 'நீ' என்று பேசிய அண்ணன், காணிப் பிரச்சினைக்குப் பிறகு ஒருநாள் கோயிலடியில் கண்டு "எப்ப வந்தீங்க?" என்று தம்பியைக் கேட்டால், அந்த ஒரு விகுதிக்குள் பத்து வருடச் சண்டை இருக்கிறது. "இஞ்சருங்க" என்றே கணவனைக் கூப்பிட்டு வந்த பெண் ஒருநாள் பெயர் சொல்லி அழைத்தால், வாசகர் நிமிர்ந்து உட்காருவார். ஆங்கிலக் கதை எழுதுபவருக்கு இந்த வசதி இல்லை. நாங்கள் அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய நட்டம்.

ஆனால் ஒவ்வொரு வரியிலும் 'அக்கா', 'தம்பி' போட்டால் சலிக்கும். பேச்சைத் தொடங்கும்போதும், கெஞ்சும்போதும், எச்சரிக்கும்போதும்தான் உறவைச் சொல்லி அழைப்போம். மேலே உள்ள காட்சியில் அக்கா ஒரே ஒருமுறைதான் 'தம்பி' என்கிறாள், அதுவும் மறுக்கும் வரியில்.

வெட்ட வேண்டியவை பற்றிச் சுருக்கமாக: சுகம் விசாரிப்பது, 'ஹலோ' சொல்வது, விடைபெறுவது எல்லாம் பெரும்பாலும் போகலாம். 'சுகம் விசாரித்து முடிய' என்று ஒரு தொடர் எழுதிவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். வியப்புக்குறிகளையும் புள்ளி வரிசைகளையும் கண்ட இடமெல்லாம் எடுத்துவிடுங்கள்.

காதைப் பழக்குவதற்கு எங்கள் மாவட்டங்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறினால், மறுகரை போய்ச் சேரும்வரை யாரும் எழுந்து போக முடியாது. பேச்சு ஒன்று தொடங்கினால் ஒரு முடிவுக்கு வந்துதான் ஆகும். கல்முனை பஸ், ஆசுபத்திரி வரிசை, மாமாங்கத் திருவிழாக் கடைத்தெரு எல்லாமே நல்ல பள்ளிக்கூடங்கள். ஆட்களின் கதையைத் திருட வேண்டாம், ஒலிப்பதிவும் வேண்டாம். ஒருவர் கேள்விக்கு மற்றவர் எப்படிப் பதில் சொல்லாமல் தப்பினார், எந்த இடத்தில் குரல் தாழ்ந்தது, யார் யாரை இடைமறித்தார் என்பதை மட்டும் கவனித்து வீட்டுக்கு வந்து குறித்து வையுங்கள். கேட்டதை அப்படியே எழுதினாலும் கதைக்கு உதவாது. உண்மைப் பேச்சில் திரும்பச் சொல்வது நிறைய இருக்கும். திரும்பச் சொன்னதில் எந்த ஒன்று மனதில் இருந்ததைக் காட்டியதோ, அதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசிக் கேள்வி, சம்மாந்துறை வியாபாரி. தாராளமாக எழுதலாம், எழுதத்தான் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வட்டையில் வேளாண்மை செய்யும் மண்ணில், ஒரு சமூகம் மட்டுமே பேசும் கதை பாதிக் கதை. ஆனால் ஆளை விட்டுவிட்டு அடையாளத்தை எழுதிவிடக் கூடாது. வரிக்கு வரி 'அல்லாஹ்' என்றும் 'வாப்பா' என்றும் போட்டால் அது மனிதராக இருக்காது. வியாபாரிக்கு இந்த நேரத்தில் வேண்டியது நெல், கொஞ்சம் குறைந்த விலைக்கு. அங்கிருந்து தொடங்குங்கள்:

அவர் கைநிறைய நெல்லை அள்ளி, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார்.

"ஈரம் இரிக்கே அக்கா."

"ரெண்டு நாள் றோட்டில காய்ஞ்ச நெல்லு காக்கா. போன வருசமும் இதத்தான் சொன்னீங்க."

"போன வருசம் மில்லுக்காரன் எனக்கு வெட்டினத்த நீங்க அறிய மாட்டீங்க."

"மறுகா ஏன் இந்த வருசமும் வந்தீங்க?"

"உங்கட நெல்லுச் சோறு நல்லமெண்டு எங்கட ஊட்டுல சொல்றாங்க."

தாய் சொன்னால் 'வீடு', அவர் சொன்னால் 'ஊடு'. 'அக்கா', முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் 'காக்கா' என்ற இரண்டு விளியிலேயே பல வருடக் கொடுக்கல் வாங்கல் தெரிகிறது. விலை இன்னும் வாயில் வரவில்லை, ஆனால் பேரம் பாதி முடிந்துவிட்டது. 'இன்ஷா அல்லாஹ்' எங்கே வரும் என்றால், அடுத்த வாரம் லொறி அனுப்புவதாக அவர் வாக்குச் சொல்லும் இடத்தில் வரும். அந்த இடத்தில் வராவிட்டால்தான் பிழை.

எழுதி முடித்த பிறகு, சம்மாந்துறையிலோ காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ உள்ள நண்பர் ஒருவரிடம் அந்தப் பக்கங்களைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் 'பிழை' என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். வாசிக்கும்போது எந்தச் சொல்லை அவர் அறியாமலே மாற்றி வாசிக்கிறாரோ, அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.